வெளியேறிய நேரம்

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
எண்ணூர் விரைவுச் சாலையில்
கண்டெய்னர் யார்டின் மூன்றாம் நம்பர் கேட் என்னுடையது.
ஒரு நாற்காலி, டேபிள் ஃபேன், கொசுவத்தி,
நீலக் கோடு போட்ட ரிஜிஸ்தர்.
வண்டி எண். உள்ளே வந்த நேரம். வெளியேறிய நேரம்.
நான் எழுதாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது.

பொங்கல் முடிந்த வாரம்
துறைமுகத்தில் ஏதோ தகராறு, வரிசை நின்றுவிட்டது.
எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா.
மேற்கே, மணலிப் பக்கம்,
சிவப்பு விளக்கு மினுக்கும் புகைபோக்கிக்குப் பின்னால்
இன்னொரு சிவப்பு போய் ஒளிந்தது.
ஆதிரை.
மணி மூன்று இருபது.
கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்தேன்.

மறுநாள் மூன்று பதினாறு.
அதற்கு மறுநாள் மேகம்.
அடுத்தது மூன்று எட்டு.
கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினேன்.
பதினைந்தாம் நாள் இரண்டு இருபதுக்கே
கிளம்பிப் போயிருந்தது.

சூசைநாதன் டிரெய்லரை விட்டு இறங்கி வந்தார்.
"இன்னாமா, க்யூ நவுருமா நவுராதா?"
எட்டு மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறவரிடம்
எப்படிச் சொல்வது,
நீங்களும் வண்டியும் நாற்பதடிப் பெட்டியும்
கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள்,
மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்,
ஹேண்ட்பிரேக் போட்டபடியே.
அது போக, சூரியனைச் சுற்றி இன்னொரு ஓட்டம்:
ஒரே நொடியில் பாரிமுனையிலிருந்து பொன்னேரி.
சொல்லிவிட்டேன்.
பீடியை அணைத்தார்.
"அப்ப டீசல் காசு எவன் குடுக்குறது?"

நாலு நிமிடத்தின் கணக்கு
காலடிப்பேட்டை மார்க்கெட்டில்தான் பிடிபட்டது,
டியூட்டி முடிந்து இட்லிக்கு நின்றபோது.
கடைக்காரியின் மகள்
தட்டாமாலை சுற்றிக்கொண்டே
அம்மாவையும் சுற்றி வந்தாள்.
தூரத்துத் தண்ணீர்த் தொட்டி
ஒரு முழுச் சுற்றில் அவள் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது.
அம்மா வரவில்லை.
இவள்தான் அதற்குள் ஓர் அடி நகர்ந்துவிட்டாளே,
இன்னும் கொஞ்சம் திரும்பினால்தான்
குண்டான் ஆவிக்குள் அந்த முகம்.
அந்தக் கொஞ்சம்தான்.
தொட்டிக்கு ஒரு நாள், அம்மாவுக்கு ஒரு நாள்,
நடுவில் நாலு நிமிடம்.
சட்னி வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறாள்.

வடக்கே ஒன்று மட்டும் வெளியேறுவதே இல்லை.
புகை குறைந்த இரவில், கையை நீட்டி
தொடுவானத்துக்கு மேல் ஒரு முட்டி, அதன் மேல் இரண்டு விரல்:
பதின்மூன்று டிகிரி.
எங்கள் ஊர் பூமியில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ
அவ்வளவு உயரத்தில் துருவம்.
மங்கல்தான். அதைப் பார்த்துத்தான்
அச்சு நீட்டிக்கொண்டிருக்கிறது.

மாசிக் கடைசியில் ஆடிட்.
குணாளன் சார் கடைசிப் பக்கம் வரை புரட்டுகிற ஆள்.
"ஆதிரையா? எந்த டிரான்ஸ்போர்ட்டு?
உள்ளே வந்த நேரமே இல்ல,
தெனம் நாலு நிமிஷம் முன்னாடி வெளியே போவுது.
பேட்டா கேட்டு எவனாச்சும் வந்தானா?"
வரவில்லை சார் என்றேன்.
அதுவரைக்கும் சரி என்று
பச்சை மையில் டிக் போட்டார்.

பங்குனி முடியும்போது
நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள்
அது புகைபோக்கியைத் தாண்டியிருந்தது.
சித்திரை, வைகாசி முழுக்க ஆதிரைக்கு டே ஷிப்ட்.
சூரியனோடு வந்து சூரியனோடு போகிறது,
நான் ஜன்னலில் போர்வை கட்டித் தூங்குகையில்.

ஆடி. புது ரிஜிஸ்தர்.
காற்று பக்கங்களைப் புரட்டாமலிருக்க
மேலே ஒரு போல்ட் நட்டு.
கிழக்கே, கல் கொட்டிய கரைக்கு அப்பால்,
லாஞ்ச் விளக்குகளுக்குக் கொஞ்சம் மேலே, சிவப்பாக.
உள்ளே வந்த நேரம்: நாலு முப்பத்தைந்து.
பேனாவால் எழுதினேன்.

நாளைக்கு நாலு முப்பத்தொன்று.
ஆடி மேகம் விட்டால்.